கால் நொடிக் கைமாற்று

1950 ஜூன் மாதம், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் மெரியன் கோல்ஃப் மைதானம். அமெரிக்க ஓப்பன் போட்டியில் அன்று ஒரே நாளில் 36 குழிகளை ஆடி முடிக்க வேண்டும். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. பென் ஹோகன் இரண்டு கால்களிலும் கணுக்காலிலிருந்து தொடைவரை கட்டுத்துணியை இறுகச் சுற்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பதினாறு மாதங்களுக்கு முன் டெக்சாஸில், மூடுபனிக் காலை ஒன்றில், ஒரு கிரேஹவுண்ட் பஸ் அவருடைய காரில் நேருக்கு நேர் மோதியிருந்தது. இடுப்பெலும்பில் இரண்டு முறிவு, காறையெலும்பு முறிவு, இடது கணுக்கால் முறிவு. போதாதற்குக் காலில் இரத்தக் கட்டிகள். திரும்ப நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்த மனிதர், கடைசிக் குழியில் 1-அயர்ன் மட்டையை எடுத்து, இருநூறு கெஜத்துக்கும் அப்பால் இருந்த கிரீனில் பந்தைக் கொண்டுபோய் வைத்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. மறுநாள் பிளேஆஃபில் கோப்பையை வென்றார்.

கடைசிக் குழியில் ஆடிய அந்த அடியை ஹை பெஸ்கின் என்ற புகைப்படக்காரர் ஹோகனின் முதுகுப் பக்கமிருந்து பிடித்தார். கோல்ஃப் ஆடாதவர்கள்கூட எங்கேயாவது பார்த்திருக்கக்கூடிய படம். எடை முழுவதும் இடது காலில், மட்டை தலைக்குப் பின்னால், உடல் முழுக்கத் திரும்பிய நிலை. எல்லாம் முடிந்துவிட்ட பிறகான தோற்றம் அது. அதற்கு முந்தைய கால் நொடியில் நடந்ததைச் சொல்ல ஹோகனே ஏழு ஆண்டு எடுத்துக்கொண்டார். ஹெர்பர்ட் வாரன் விண்டுடன் சேர்ந்து அவர் எழுதிய ஐந்து பாடங்கள் 1957இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில் தொடராக வந்து, அதே ஆண்டு நூலாகின. மட்டை உச்சியிலிருந்து பந்தை நோக்கி இறங்கும் டவுன்ஸ்விங்கைத் தொடங்கி வைப்பது இடுப்புதான், கையோ தோளோ கிடையாது என்று அதில் அடித்துச் சொன்னார். அந்தோணி ராவியெல்லி வரைந்த படம் ஒன்றும் உண்டு: ஆட்டக்காரரின் இடது இடுப்பெலும்பில் ஒரு ரப்பர் பட்டை, அதன் மறுமுனை அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும். மட்டையைப் பின்னால் உயர்த்தும் பேக்ஸ்விங்கில் பட்டை இழுபட, டவுன்ஸ்விங்கில் அது இடுப்பைச் சட்டென்று திருப்பிவிடுகிறது.

முறிந்து ஒட்டிய இடுப்பெலும்புக்குச் சொந்தக்காரர் இடுப்புக்கு முதல் மரியாதை செய்தது வேடிக்கைதான். சரி, அவர் சொன்னது சரியா? ஏன் இடுப்பு முந்த வேண்டும்? எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் பாய்ந்தால் வேகம் இன்னும் கூடாதா?

மேலே போகும் முன் இரண்டு விளக்கங்கள். இடுப்பு என்று இங்கே சொல்வது தொடையெலும்புகள் வந்து பொருந்தும் இடுப்பெலும்புக் கூட்டை; பெல்ட் கட்டும் இடத்தை அல்ல. இரண்டாவது, வலக்கை ஆட்டக்காரரை மனதில் வைத்தே எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்கப் பழகிய வேலைதானே.

ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் மட்டையைப் பின்னால் உயர்த்த ஏறத்தாழ முக்கால் நொடி ஆகிறது. உச்சியிலிருந்து பந்துவரை இறங்க கால் நொடி. மட்டையின் தலை பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தத் தலையின் எடை சுமார் 200 கிராம். பந்தின் எடை 46 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. தொழில்முறை ஆட்டக்காரர் டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையை வீசும்போது மட்டைத் தலை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வந்து சேர்கிறது. பந்து அதைவிட வேகமாக, நொடிக்கு 75 மீட்டர் அளவில் புறப்பட்டுப் போகிறது.

பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் மட்டைத் தலையின் இயக்க ஆற்றல் 250 ஜூல். கால் நொடிக்குள் அதைச் சேர்க்க சராசரியாக 1000 வாட் திறன் தேவை. ஒரு குதிரைத்திறனுக்கும் மேல். இது தலைக்கு மட்டும். கைகளும் மட்டையின் தண்டும் சேர்ந்து வேகம் பிடிப்பதற்கு ஆகும் செலவு தனி. இதில் பெரும்பகுதி கால் நொடியின் பின்பாதியில்தான் சேர்கிறது என்பதால் உச்சத் திறன் சராசரியைவிடப் பல மடங்கு. கைத்தசைகளைக் கசக்கிப் பிழிந்தாலும் இந்த அளவு வராது. உடலில் பெரிய தசைகள் இருப்பது பிட்டத்திலும் தொடையிலும் முதுகிலும். ஆற்றலின் ஊற்று கீழே இருக்கிறது, தேவைப்படும் இடமோ மட்டையின் நுனியில் இருக்கிறது. இடையில் இருக்கும் மூட்டுகளின் வழியே அதை எப்படி மேலே அனுப்புவது என்பதுதான் டவுன்ஸ்விங்கின் முழுப் பிரச்சினையும்.

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் பிரிட்டனில் அலஸ்டேர் காக்ரனும் அவருடைய குழுவினரும். 1960களில் நடந்த அந்த ஆய்வை ஜான் ஸ்டாப்ஸுடன் சேர்ந்து 1968இல் அவர் நூலாக்கினார். இன்றைய கருவிகள் எதுவும் அப்போது கிடையாது. அதிவேகப் படக்கருவியும் பொறுமையும் இருந்தன. அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், உடலை அப்படியே விளக்க முயலாமல் இரண்டே கோல்களாகச் சுருக்கியது. தோள்களுக்கு நடுவே ஒரு அச்சு. அதிலிருந்து தொங்கும் மேல்கோல் கைகள். மணிக்கட்டில் ஒரு கீல். அதில் ஆடும் கீழ்க்கோல் மட்டை. இரட்டை ஊசல். மேல்கோலை அச்சில் சுழற்றினால் போதும். தொடக்கத்தில் மடங்கிக் கிடக்கும் கீழ்க்கோல் ஒரு கட்டத்தில் தானாக வெளியே வீசிக்கொள்கிறது. மணிக்கட்டு முறுக்கிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக இயற்பியலாளர் தியோடோர் ஜார்கென்சனும் 1970இல் கணக்குப் போட்டு இதே ஊசலை ஆராய்ந்தார்.

ஆற்றங்கரையில் துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தவர்களுக்கு இந்த ஊசலை விளக்கவே வேண்டாம். தண்ணீர் குடித்துக் கனத்த வேட்டியைத் தோளுக்கு மேல் தூக்கி அடிக்கும்போது கை முதலில் இறங்கத் தொடங்கும். துணி பின்னால் தயங்கும். கை பாதி வழியில் சற்று மட்டுப்படும்போதுதான் துணியின் நுனி முந்திக்கொண்டு போய்க் கல்லில் அறையும். கையும் துணியும் ஒன்றாக இறங்கினால் சத்தமும் வராது, அழுக்கும் போகாது.

கை மட்டுப்படுகிறது என்று சொன்னேனே, அதைத்தான் கவனிக்க வேண்டும். கோல்ஃபிலும் கைகளின் வேகம் பந்தைத் தொடும் கணத்தில் உச்சத்தில் இருப்பதில்லை. அதற்குச் சற்று முன்பே உச்சம் தொட்டுவிட்டுக் குறையத் தொடங்கியிருக்கும். ஆட்டக்காரர் வேண்டுமென்றே பிரேக் போடுவதால் இது நடக்கவில்லை. வெளியே வீசிக்கொள்ளும் மட்டை கைகளைப் பின்னுக்கு இழுக்கிறது. இழுத்த அளவுக்குத் தான் வேகம் பெறுகிறது. கைகளின் நட்டம் மட்டையின் வரவு.

இரண்டு கோலில் நடப்பது நான்கு கோலிலும் நடக்கும். காக்ரனின் அச்சுக்குக் கீழே மார்புக்கூடு, அதற்கும் கீழே இடுப்பு. 1990களில் உடலில் ஒட்டிக்கொள்ளும் மின்காந்த உணரிகள் வந்த பிறகு இந்த நான்கையும் தனித்தனியாக அளக்க முடிந்தது. இடுப்பின் பின்புறம் ஒன்று, மேல்முதுகில் ஒன்று, முன்கையில் ஒன்று, மட்டையில் ஒன்று. ஒவ்வொன்றும் நொடிக்கு எத்தனை டிகிரி சுழல்கிறது என்று வரைபடம் போட்டால் நான்கு மலைகள் தெரியும். தேர்ந்த ஆட்டக்காரரின் வரைபடத்தில் மலைகள் ஒன்றையொன்று தாண்டி வளர்கின்றன. முதலில் இடுப்பு, உச்சத்தில் நொடிக்கு 450 டிகிரி போல. அது இறங்கத் தொடங்கும்போது மார்புக்கூடு 700ஐத் தொடுகிறது. அடுத்தது முன்கை, 1000 வாக்கில். கடைசியாக மட்டை 2000ஐத் தாண்டிப் போய், பந்தைத் தொடும் இடத்தில் உச்சத்துக்கு வருகிறது. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். கற்றுக்குட்டியின் படத்திலோ இடுப்பும் மார்பும் ஒரே குன்றாகச் சேர்ந்து எழும். சில நேரம் மார்பு முதலில் எழுந்து, இடுப்பு என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் வரும்.

இந்தப் படத்தில் பலரும் ஏறுமுகத்தையே பார்க்கிறார்கள். எனக்கு இறங்குமுகம்தான் சுவாரசியம். இடுப்பு ஏன் வேகம் இழக்கிறது? காரணம் இரண்டு. ஒன்று, நியூட்டனின் மூன்றாம் விதி. வயிற்றின் பக்கவாட்டில் சாய்வாக ஓடும் தசைகள் மார்புக்கூட்டை முன்னோக்கிச் சுழற்ற இழுக்கும்போது, அதே விசையோடு இடுப்பைப் பின்னோக்கி இழுக்கின்றன. தோளுக்கு வேகம் கொடுக்கும் வேலையே இடுப்பின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. இரண்டு, இடது கால். மடங்கியிருந்த முழங்கால் நிமிர்ந்து தரையை அழுத்தும்போது, சுழன்று வரும் இடுப்புக்கு ஊன்றிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கிறது. இடுப்பு கடைசிவரை தறிகெட்டுச் சுழன்றுகொண்டே இருந்தால், அதன் ஆற்றல் மேலே போய்ச் சேரவில்லை என்றே பொருள்.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. இடுப்பு நிற்க வேண்டுமாமே என்று கேள்விப்பட்டு, பந்தை நெருங்கும்போது இடுப்பை வலிந்து நிறுத்தப் பார்ப்பார்கள். வரவு வைக்கும் முன்பே கணக்கை முடித்த கதைதான். நிறுத்துவது ஆட்டக்காரரின் வேலை இல்லை. தோள் சரியான நேரத்தில் இழுத்தால் இடுப்பு தானே மட்டுப்படும்.

வரிசை ஏன் என்பதற்கு இயந்திரவியல் சொல்லும் விடை இது. தசைகள் தரும் விடை வேறு, அதுவும் வலுவானதே. 1938இல் ஏ. வி. ஹில் தவளைத் தசைகளில் ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார்: தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு குறைவான விசையையே அதனால் தர முடியும். காலி வாளியைச் சட்டென்று தூக்கலாம், நிறைந்த வாளியை மெதுவாகத்தான் தூக்க முடியும் என்ற அனுபவத்தின் அளவிட்ட வடிவம். இதன் மறுபக்கம்தான் கோல்ஃபுக்கு முக்கியம். சுருங்க முயலும் தசையை வெளியிலிருந்து யாராவது நீட்டினால், அது அசையாமல் இழுக்கும்போது தருவதைவிடவும் அதிக விசை தருகிறது. இன்னொன்று, தசைக்குக் கட்டளை வந்தவுடன் முழு விசையும் வந்துவிடுவதில்லை. ஏறிவர ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகிறது. மொத்தமே கால் நொடி இருக்கிற வேலையில் இது பெரிய தாமதம்.

இப்போது இடுப்பு முந்துவதைப் பாருங்கள். தோள் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடுப்பு முன்னால் திரும்பத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தசைகள் இழுபடுகின்றன. இழுபடும்போதே விசை ஏறுகிறது. தோள் முன்னோக்கி வரத் தொடங்கும் நேரத்தில் அவை ஏற்கெனவே முறுக்கேறி நிற்கின்றன. தாமதம் வீச்சு தொடங்கும் முன்பே கழிந்துவிட்டது. தசைநார்களில் சேரும் மீள்சக்தி எவ்வளவு உதவுகிறது, முன்கூட்டியே ஏறிய விசை எவ்வளவு உதவுகிறது என்பதில் உடலியக்க ஆய்வாளர்களிடையே நெடுநாள் வாதம் உண்டு. ஹோகனின் ரப்பர் பட்டை முதல் கட்சிக்குச் சாதகமான படம். கால் நொடிக் கணக்கைப் பார்க்கும்போது இரண்டாவது கட்சியின் பக்கம்தான் எனக்குச் சாய்வு.

இந்த இடைவெளிக்கு ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கியவர் பயிற்சியாளர் ஜிம் மெக்லீன். 1992இல் ‘கோல்ஃப் மேகசின்’ இதழில் எழுதினார். உச்சியில் தோள்கோடு 90 டிகிரி திரும்பியிருக்கிறது, இடுப்புக்கோடு 45 டிகிரி; மேலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து எக்ஸ் எழுத்துப் போலத் தெரியும். நெடுந்தூரம் அடிப்பவர்களிடம் இந்த இடைவெளி அதிகம் என்பது அவருடைய வாதம். உடனே ஊரெல்லாம் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோளை மட்டும் முறுக்கத் தொடங்கியது. எலும்பு மருத்துவர்களுக்கு நல்ல காலம்.

2001இல் பிலிப் சீத்தமும் சகாக்களும் இதை அளந்தபோது கதை சற்று மாறியது. உச்சியில் இருக்கும் இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டால், தேர்ந்தவர்களுக்கும் ஹேண்டிகேப் 15 அல்லது அதற்கு மேல் உள்ள சாதாரண ஆட்டக்காரர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு அடுத்த கணத்தில் வந்தது. டவுன்ஸ்விங்கின் தொடக்கத்தில் தேர்ந்தவர்களின் இடைவெளி மேலும் 19 சதவீதம் விரிந்தது. மற்றவர்களுடையது 13 சதவீதம்தான். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் இருபது பேருக்கும் குறைவு என்பதால் இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஹோகன் சொன்னதை அது சரியான இடத்தில் தொடுகிறது. எவ்வளவு முறுக்கிக்கொண்டீர்கள் என்பதைவிட, அவிழும் நேரத்தில் யார் முதலில் கிளம்பினார்கள் என்பதே காரியம்.

45 டிகிரி என்ற எண்ணிலும் ஒரு மாயம் இருக்கிறது. இடுப்பு முதுகெலும்பின் ஐந்து எலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கமாக ஏறத்தாழ 10 டிகிரி அளவுக்குத்தான் திரும்ப முடியும். அவற்றின் மூட்டுகள் குனிந்து நிமிர அமைந்தவை, முறுக்கிக்கொள்ள அமைந்தவை அல்ல. சுழற்சியின் பெரும்பங்கு அதற்கு மேலே, மார்புப் பகுதி முதுகெலும்பில் நடக்கிறது. மீதி, தோள்பட்டை எலும்புகள் விலாவின் மேல் வழுக்கி நகர்வதால் கிடைக்கும் தோற்றம். தோள்கோடு திரும்பியிருக்கும், முதுகெலும்பு அந்த அளவுக்குத் திரும்பியிருக்காது. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு மார்புப் பகுதி முதுகு இறுகிப்போயிருக்கும். அவர்கள் பத்திரிகைப் படத்தைப் பார்த்து 45 டிகிரிக்கு ஆசைப்பட்டால், பற்றாக்குறையை ஈடுகட்டப் போவது அந்த ஐந்து எலும்புகள்தான்.

இடுப்பு முதலில் கிளம்பட்டும். அதைக் கிளப்புவது யார்? இடுப்பு அந்தரத்தில் தொங்கவில்லை. தரையைப் பிடித்துத்தான் அது திரும்ப முடியும். பனிக்கட்டி மீது நின்று டிரைவரை வீசிப் பார்த்தால் தெரியும். காலுக்கடியில் விசைத்தட்டு வைத்து அளந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மட்டை இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, நல்ல ஆட்டக்காரரின் அழுத்தம் வலது பாதத்திலிருந்து இடது பாதத்துக்கு நகரத் தொடங்கிவிடுகிறது. பேக்ஸ்விங் முடிந்த பிறகு டவுன்ஸ்விங் தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் கதை. உடலைப் பொறுத்தவரை இரண்டும் சில கணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. மேல்பாதி ஒரு திசையில், கீழ்ப்பாதி எதிர்த் திசையில். நகர்வுக்கு அடுத்தது திருகல்: இரண்டு பாதங்களும் தரையில் எதிரெதிராக உராய்ந்து இடுப்பைத் திருப்புகின்றன. அதற்கும் பிறகு செங்குத்து உந்தல்: இடது கால் தரையை உதைத்து நிமிர்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் டிரைவரை அடிக்கும்போது அந்த ஒற்றைக் காலின் கீழ் தரை வாங்கும் விசை முழு உடல் எடையையும் தாண்டிவிடும். சிலருக்குக் குதிகால் தரையை விட்டே எழும்புவது இதனால்தான்.

வரிசை பிசகினால் என்ன ஆகும்? தோள் முந்தினால் மட்டை உடலை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, பந்தை வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது மட்டைமுகம்; வளைவை முடிவு செய்வது, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை பயணிக்கும் திசைக்கும் உள்ள வேறுபாடு. வெளியிலிருந்து உள்ளே வரும் மட்டையில் முகம் கொஞ்சம் திறந்திருந்தாலும் பந்து வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போகும். ஸ்லைஸ் என்னும் இந்த நோய் உலகத்துக் கற்றுக்குட்டிகளில் பெரும்பாலோருக்கு உண்டு.

மறுபக்கக் கோளாறைப் பற்றிப் பேசுபவர் குறைவு. இடுப்பு அளவுக்கு மீறி முந்திப் பறந்துவிட்டால் கைகள் உடலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். பந்து வலப்பக்கம் தள்ளப்படும். அல்லது அதைத் தவிர்க்க மணிக்கட்டு கடைசி நேரத்தில் முகத்தைப் புரட்டிவிட, பந்து இடப்பக்கம் கொக்கி போட்டு வளையும். இளமைக்கால ஹோகனின் நோய் இந்த ஹூக்தான். அதை ஒழிக்கவே தன் பிடியையும் வீச்சையும் திரும்பத் திரும்ப மாற்றி அமைத்தவர் அவர். ஹூக் அடித்தவர் தன் மருந்தை எழுதிவைக்க, ஸ்லைஸ் அடிப்பவர்கள் அதை வாங்கிக் குடித்தார்கள். அவர் இடுப்பைப் பற்றிச் சொன்னது இருவருக்கும் பொருந்தும், மற்ற பல பாடங்கள் அப்படியில்லை என்பது என் கணிப்பு.

தெரிந்துகொண்ட பிறகும் ஏன் செய்ய வரவில்லை என்று ஒவ்வொரு ஆட்டக்காரரும் அங்கலாய்ப்பதற்கு நரம்பு மண்டலத்தில் காரணம் இருக்கிறது. கண்ணால் ஒன்றைப் பார்த்து அதற்கேற்ப உடல் அசையத் தொடங்க 0.2 நொடி ஆகும். டவுன்ஸ்விங்கோ 0.25 நொடி. ‘தோள் முந்துகிறதே’ என்று உணர்ந்து திருத்தம் அனுப்பினால், அது போய்ச் சேரும்போது பந்து கிளம்பியிருக்கும். உச்சியில் நிற்கும்போதே முழு வரிசையும் எழுதி முடிந்த ஓலை. இடையில் ஒரு வரியை அடித்துத் திருத்த முடியாது.

அதனால் எதை நினைத்துக்கொண்டு வீசுவது என்பது சாதாரணக் கேள்வி இல்லை. கேப்ரியேல வுல்ஃபும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃபே ஆடியிராதவர்களுக்குக் குறுந்தூர அடியைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் மட்டையின் அசைவை. மட்டையைக் கவனித்தவர்களின் பந்துகளே இலக்கை நெருங்கி விழுந்தன, மறுநாள் எந்த நினைவூட்டலும் இல்லாமல் அடித்தபோதும். உடலுறுப்பு ஒவ்வொன்றுக்கும் கட்டளை போடுவது, ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் அலுவலகத்தில் மேலதிகாரி போய் நின்று கோப்பு கோப்பாகக் கேட்பதில்தான் முடிகிறது.

பழைய பயிற்சியாளர்கள் ஆய்வு எதுவும் படிக்காமலே இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். அவர்கள் கொடுக்கும் பயிற்சி ஒன்று: 7-அயர்ன் மட்டையுடன் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நில்லுங்கள். மட்டையைப் பின்னால் உயர்த்துங்கள். அது முதுகுப் பக்கம் உச்சியை அடையும் முன்பே, இடது காலை எடுத்து இலக்குப் பக்கம் ஒரு எட்டு வையுங்கள். கால் தரையைத் தொட்டதும் அடியுங்கள். முதல் சில முறை காலும் கையும் சேர்ந்தே இறங்கும். பந்து தரையில் உருளும். கொஞ்ச நேரத்தில் ஒன்று பிடிபடும். காலடி விழும்போது மட்டை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும். இடது இடுப்புக்கும் வலது தோளுக்கும் நடுவே சட்டைக்குள் குறுக்காக ஓர் இழுவை தெரியும். சீத்தம் அளந்த அந்த விரிவு இதுதான். இடுப்பு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை, தோளைக் காத்திருக்கச் சொல்லவும் இல்லை. ஒரு எட்டு எடுத்து வைத்ததில் வரிசை தானாக அமைந்தது.

பாடநூல் வரிசைக்கு விலக்குகளும் உண்டு. உலகத் தரவரிசையின் மேல்தட்டில் இருப்பவர்களிலேயே சிலருக்கு மார்பும் முன்கையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உச்சம் தொடுகின்றன. ஜிம் ஃபியூரிக்கின் மட்டை மேலே போகும்போது ஒரு வழியில் போய், சுற்றி வளைந்து வேறு வழியில் இறங்கும். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்தால் முதல் நாளே திருத்தியிருப்பார்கள். அவர்தான் 2016இல் பிஜிஏ டூரில் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்த முதல் ஆள். அவருடைய வளைவுகளெல்லாம் கைகளிலும் மட்டையிலும். கீழே இடுப்பு கிளம்பும் நேரத்தில் வளைவு எதுவும் இல்லை.

இந்த முறுக்கலுக்கு உடல் ஒரு விலை கொடுக்கிறது. கோல்ஃப் ஆடுபவர்களுக்கு வரும் வலிகளில் முதலிடம் கீழ்முதுகுக்குத்தான். தொழில்முறை ஆட்டக்காரர்களில், இடது இடுப்பு மூட்டு உட்பக்கம் போதுமான அளவு திரும்பாதவர்களுக்குக் கீழ்முதுகு வலி அதிகம் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இடுப்பு மூட்டு நின்றுபோகும் இடத்தில் மிச்சச் சுழற்சியை முதுகு வாங்கிக்கொள்கிறது. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்களிடமும் இதே சிக்கல் உண்டு: பந்து வீசும் எட்டில் இடுப்பு ஒரு பக்கம் நிற்க, தோள் எதிர்ப்பக்கம் அளவுக்கு மீறித் திரும்புபவர்களுக்கு முதுகெலும்பில் அழுத்த முறிவு வரும் அபாயம் கூடுதல் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1980களின் இறுதியிலிருந்தே எழுதிவந்தார்கள். கோல்ஃபில் டைகர் வுட்ஸ் 2014இலிருந்து முதுகில் பல அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டு, 2017இல் இரண்டு முதுகெலும்புகளை ஒன்றாக இணைத்த பிறகுதான் 2019 மாஸ்டர்ஸை வென்றார். அவருடைய வீச்சு மட்டும்தான் காரணம் என்று யாரும் அறுதியிட முடியாது. பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப வீசியதற்கு அதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இன்றைய பயிற்சியாளர்கள் பலர் இடது குதிகாலைத் தரையில் அறைந்து வைத்துத்தான் பேக்ஸ்விங் செய்ய வேண்டும் என்பார்கள். இடைவெளி அதனால் பெருகும் என்ற நினைப்பு. பாபி ஜோன்ஸும் ஜாக் நிக்லஸும் குதிகாலைத் தாராளமாக எழும்ப விட்டார்கள். குதிகால் எழும்பினால் இடுப்பு கூடுதலாகத் திரும்பும், தோளுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் குறையும், முதுகின் சுமையும் குறையும். எழுந்த குதிகாலைத் திரும்பத் தரையில் ஊன்றுவதுதான் நிக்லஸுக்கு டவுன்ஸ்விங்கின் முதல் அசைவு. பயிற்சியில் காலை எடுத்து வைப்பது போலவே அதுவும் இடுப்பைக் கேட்காமல் கிளப்பிவிடும். பதினெட்டு மேஜர் பட்டங்கள் அப்படி வந்தவை, கடைசிப் பட்டம் 46 வயதில். நாற்பதைத் தாண்டி மட்டையைத் தூக்கும் ஒருவர் எந்த வரைபடத்தையும் பார்க்கும் முன் குதிகாலை விடுவித்துக்கொள்ளலாம். இடது பாதத்தின் முனையையும் இலக்குப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இடுப்பு மூட்டுக்குச் சில டிகிரி இடம் கிடைக்கும், முதுகெலும்பின் அந்த ஐந்து எலும்புகளும் தங்கள் 10 டிகிரிக்குள் இருந்துகொள்ளும்.